எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள், சார்

திங்கட்கிழமை காலை எங்கள் கல்லூரி முதல்வர் கஜானன ஷானபாக் பதினான்காம் அறைக்குள் வந்தார். அந்த அறைக்கு இருபத்தேழு வருஷமாக நான்தான் காப்பாளர். அவர் முதல்வராகி ஆறு வருஷம் ஆகிறது; உள்ளே கால் வைத்தது அன்றோடு இரண்டாவது தடவை. முதல் தடவை நனைந்த குடையை விரித்து வைக்க இடம் தேடி வந்தார்.

"நாகவேணி, வியாழக்கிழமை தர ஆய்வுக் குழு வருது. புதன்கிழமை சாயந்திரத்துக்குள்ள இந்த ரூம் காலியாகணும்."

"காலி பண்ணி எங்க சார் வைக்கிறது?"

"எதை?"

"இதையெல்லாம்தான்." பதினெட்டு இரும்பு பீரோக்களையும் கைகாட்டினேன்.

"வைக்கிறதா? இந்தச் சருகையா?" என்று சிரித்தார். "பழைய பேப்பர்காரனுக்குச் சொல்லியாச்சு. டெம்போ வரும்."

எனக்கு வந்ததே கோபம். முப்பத்தோராயிரம் தாள்கள் அந்த அறையில் இருக்கின்றன. ஒவ்வொரு தாளிலும் ஒரு செடியோ ஒரு மரத்தின் கிளைநுனியோ, அழுத்தி உலர்த்தி நூலால் தைத்து வைத்தது. யார், எங்கே, எந்தத் தேதியில் பறித்தார்கள் என்று மூலையில் எழுதியிருக்கும். உதிர்ந்த பூவையும் விதையையும் போட்டுவைக்கச் சின்ன உறை ஒன்று ஒட்டியிருக்கும். தொண்ணூறு வருஷமாக, அட்டை கடிக்கக் கடிக்க அகநாசினி ஆற்றங்கரைக் காட்டிலெல்லாம் அலைந்து மனிதர்கள் கொண்டுவந்து சேர்த்தவை. சருகாம்! சருகு என்றால் எனக்குத் தெரியாதா? எங்கள் பாக்குத் தோட்டத்தில் கூடை கூடையாக வாரி உரக்குழியில் கொட்டுகிறவள் நான்.

அறை எதற்கு என்றால், ஆய்வுக் காட்சிக்கூடம் வைக்க. ஹூப்ளியில் நான்கு பெரிய பேனர் அடித்து வந்திருந்தன. 'நமது ஆய்வின் பன்முகம்' என்று தலைப்பு. மரபுக்கு ஒன்று, உயிரியலுக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று, சுற்றுச்சூழலுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் முதல்வர் படம், ஆராய்ச்சி செய்தவரின் படத்தைவிடப் பெரிதாக.

அந்த நான்கு ஆராய்ச்சியும் எங்கிருந்து வந்தவை என்று சொல்லாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும்.

மரபு பேனரில் இருப்பது சரித்திரப் பேராசிரியர் திரியம்பக ஹெக்டேயின் வேலை. வெள்ளைக்காரன் காலத்து வரிகொடா இயக்கத்தின்போது எங்கள் பக்கத்துக்காரர்கள் ஒளிந்திருந்து அச்சடித்த பத்திரிகை ஒன்று உண்டு. போலீஸ் வீடு வீடாகப் புகுந்து எரித்ததில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் செடி சேகரித்த ஒரு வாத்தியார் அந்தக் காகிதத்துக்கு நடுவே இலைகளை வைத்து அழுத்தியிருக்கிறார். வேறு காகிதம் கிடைக்காமலா, வேண்டுமென்றேயா, யார் கண்டது. செடிக்கட்டை எந்தப் போலீஸ்காரன் பிரித்துப் பார்ப்பான்? பதினாலு இதழ்கள் என் ஆறாம் பீரோவில் பிழைத்துக் கிடந்தன.

மருத்துவ பேனர் ஊர் ஆஸ்பத்திரித் தோல் டாக்டர் லாரன்ஸினுடையது. அப்பெமிடி என்கிற மாவடு ஊறுகாய் போடும் பெண்களுக்கு மாவடுப் பால் பட்டுக் கை வெந்து போகிறதே, எந்த மரத்துப் பால் மோசம் என்று தேடினார். பாதி மரங்களை வெட்டியாகிவிட்டது. அவற்றின் காய்ந்த பால் என் உறைகளில் இருந்தது. சுற்றுச்சூழல் பேனர் ருக்மிணி கௌடாவுடையது. ஒப்பந்த வேலையில் இருக்கும் பெண். துறைமுகத்துக்குத் தாதுலாரி ஓடும் சாலையோரத்து மரங்களின் இலைகளைப் பத்துப் பத்து வருஷமாக அடுக்கி, எந்த வருஷத்திலிருந்து அவற்றில் இரும்புத்தூள் ஏறுகிறது என்று காட்டினாள். உயிரியல் பேனர் எங்கள் தாவரவியல் துறைத் தலைவி சுகந்தி நாயக்கினுடையது. சதுப்பில் வளரும் காட்டு ஜாதிக்காய் வகையில் புது மரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். காட்டில் கண்டுபிடிக்கவில்லை. என் பதினோராம் பீரோவில், வேறு பெயர் எழுதிய தாள் ஒன்றில் கண்டுபிடித்தார்.

ஆக, இந்த அறையிலிருந்து பிறந்த நாலையும் மாட்டுவதற்கு இந்த அறையையே கழுவிவிட வேண்டுமாம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

"சார், இதை வெச்சுத்தான் உங்க பேனரே வந்திருக்கு."

"எல்லாத்தையும்தான் போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே."

"காஞ்ச மொட்டை வெந்நீர்ல போட்டா விரிஞ்சு உள்ள பாக்கலாம். போட்டோவை வேகவெச்சா பூ விரியுமா சார்? உறையைத் திறந்தா போட்டோ எடுத்தாங்க? மூடின உறையைத்தானே எடுத்தாங்க?"

அவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, கையில் இருந்ததை என்முன் போட்டார். கதவுப் பக்கத்தில் தொங்கும் வருகைப் பதிவேடு. பத்து வருஷத்துக்கு முன் அலுவலகம் கொண்டுவந்து மாட்டியது. புரட்டினால் முழுக்க வெள்ளை.

"பத்து வருஷத்துல ஒரு கையெழுத்து இல்ல. யாரும் வராத ரூமுக்கு எதுக்கு இவ்வளவு இடம்? குழு கேட்டா நான் என்ன சொல்றது?"

அதில் அவர் சொன்னது சரி, தப்பு என்னுடையது. எங்கள் தொழிலில் பழக்கம் வேறு. ஒரு தாளை எடுத்து ஆராய்ந்தவர், தன் பெயர், தேதி, என்ன பார்த்தார், எவ்வளவு கிள்ளி எடுத்தார் என்பதையெல்லாம் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அந்தத் தாளிலேயே ஒட்டிவிட்டுப் போக வேண்டும். அதற்குமேல் ஒரு பதிவேடு எதற்கு என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. வந்தவர்கள் பேனாவோடு பதிவேட்டுப் பக்கம் போனால்கூட, "அது கிடக்குது விடுங்க, சீட்டை ஒழுங்கா ஒட்டுங்க" என்று இந்த வாயால் நானே சொல்லியிருக்கிறேன். வந்தவர்கள் அத்தனை பேரும் பதினெட்டு பீரோவுக்குள் இருக்கிறார்கள். அலுவலகம் பார்க்கும் இடத்தில் ஒருவர்கூட இல்லை.

"சாவியைப் புதன்கிழமை ஆபீஸ்ல குடுத்திடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயந்திரம் சுகந்தி நாயக் வந்தார். என்ன இருந்தாலும் எங்கள் துறைத் தலைவி, ஒரு வார்த்தை பேசியிருப்பார் என்று நம்பினேன். பேசித்தான் வந்திருந்தார். கையில் ஒரு பட்டியல்.

"நாகவேணி, சார்கிட்ட மல்லுக்கட்டி ஒரு வழி பண்ணிட்டேன். நாலு ஆராய்ச்சிக்கும் ஆதாரமான தாள் மொத்தம் பத்தொம்பது. அதைக் கண்ணாடி அலமாரியில வெச்சுக்கலாம்னு ஒத்துக்கிட்டார். இந்த நம்பரையெல்லாம் எடுத்துக் குடுத்திடு."

"மீதி?"

"என்ன செய்யச் சொல்ற? அம்மா தாயேன்னு கெஞ்சி வாங்கினது இது."

"மேடம், உங்க ஜாதிக்காய் மரத்துத் தாள் எத்தனை வருஷம் அந்த பீரோவுல கிடந்துச்சு?"

"அம்பத்திரண்டு."

"அந்த அம்பத்திரண்டு வருஷமும் ஒரு பய அதைத் தொடல. தப்புப் பேரோட கிடந்துச்சு. இருபது வருஷம் முன்னாடி ஒருத்தர் வந்து, 'வேணுங்கிற பத்தொம்பதை மட்டும் எடுத்து வை'ன்னிருந்தா, உங்களோடது அந்தப் பத்தொம்பதுல இருந்திருக்குமா?"

அவர் முகம் சிவந்தது. "உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது. பிடிவாதம் பிடிச்சா எல்லாமே போயிடும், பாத்துக்கோ."

"போகட்டும். பத்தொம்பதை எடுத்துக் குடுத்திட்டு மீதியை நான் என் கையால டெம்போவுல ஏத்த மாட்டேன். என் பிணத்து மேலதான் ஏத்தணும்."

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். ஆனால் அப்படித்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் பீரோவைத் திறந்து, சீட்டு ஒட்டிய தாள்களாகப் பொறுக்கி மேஜைமேல் எடுத்துவைக்க ஆரம்பித்தேன். பூச்சி உருண்டை வாசனையில் தலை கிறுகிறுத்தது. பத்தரை மணிக்கு ருக்மிணி உள்ளே வந்து, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டாம் பீரோவைத் திறந்தாள்.

"உனக்கு இங்க என்னடி வேலை? ஏப்ரல்ல உன் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். ஷானபாக் கையெழுத்துப் போடணும். போய் கிளாஸ் எடு."

"கிளாஸ் முடிஞ்சுது அக்கா. என் பேனர்ல அவர் மூஞ்சி இவ்வளவு பெருசா இருக்கு, பாத்தீங்களா? நான் ஓரத்துல பாஸ்போர்ட் போட்டோ மாதிரி நிக்கிறேன். அதுக்கே எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"வேலை போயிடும்டி."

"போனா எங்கம்மாவோட கீரை விக்கப் போறேன். சந்தையில இதைவிட மரியாதையா பேசுவாங்க."

அவல் கொண்டுவந்திருந்தேன், இருவரும் மோர் ஊற்றிப் பிசைந்து தின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். புதன்கிழமை மதியத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டு தாள்கள் மேஜைகளில் பரவிவிட்டன. கல்கத்தாவிலிருந்து வந்தவர் ஒட்டிய சீட்டு, மூட்டுவலிக் கஷாயத்தில் எந்த வேர் கலப்படம் என்று பார்க்க வந்த வைத்தியரின் சீட்டு, கோயில் தேர்ச்சக்கரம் எந்த மரம் என்று ஒப்பிட்டுப் பார்த்த ஒருவரின் சீட்டு, தேனில் இருக்கும் மகரந்தம் பார்த்த பெண்ணின் சீட்டு. பத்து வருஷத்தில் மட்டும் நூற்று முப்பது பேர். பதிவேட்டில் பூஜ்யம்.

மூன்று மணிக்கு டெம்போ வந்தது. பழைய பேப்பர்காரன் தராசோடு இறங்கினான். நான் வாசலின் குறுக்கே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"தள்ளிக்கோங்கம்மா."

"எதுக்குப்பா?"

"பேப்பர் எடுக்கணும். பிரின்சிபால் சொன்னார்."

"பேப்பரா? உள்ள இருக்கிற பழைய தாள்ல எல்லாம் பூச்சி அரிக்காம இருக்க விஷம் பூசியிருக்கு. பாதரச விஷம். தூக்கு. உன் பிள்ளைகுட்டிங்க அதுல கட்டின வடையைத் திங்கட்டும்."

பொய் இல்லை, பழைய தாள்களில் அந்தக் காலத்தில் அப்படிப் பூசுவதுதான் வழக்கம். அவன் என்னையும் பீரோக்களையும் பார்த்துவிட்டு, "நமக்கு எதுக்குங்க இந்த வம்பு" என்று தராசை டெம்போவிலேயே போட்டுக்கொண்டு போய்விட்டான்.

நாலு மணிக்கு முதல்வரின் தூதராகத் திரியம்பக ஹெக்டே வந்தார். நல்ல மனுஷர், ஆனால் பயந்தாங்கொள்ளி. ஸ்டூலுக்கு முன் நின்று கையைப் பிசைந்தார்.

"நாகவேணக்கா, கொஞ்சம் விட்டுக்குடுங்களேன். என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேஜையில இருக்கு. பொண்ணு கல்யாணம் வேற."

"ஹெக்டேரே, உங்க பேனர்ல என்ன எழுதியிருக்கு? படிங்க, கேக்கறேன்."

"…அடக்குமுறைக்கு அஞ்சாத அச்சகம்."

"ஆங்! யாரோ ஜெயிலுக்குப் போனாங்க, உங்களுக்கு பேனர் கிடைச்சுது. நீங்க கோப்புக்குப் பயப்படுறீங்க."

சொன்ன பிறகு எனக்கே பாவமாக இருந்தது. அவர் திரும்பிப் போனார். ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து தாள் வந்தது: நாளை எனக்குக் கட்டாய விடுப்பு. சாவியைக் கேட்டார்கள். இடுப்பில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். யாரும் வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் பதினான்காம் அறை பூட்டியே இருந்தது. பேனர்களை வராந்தாவில் கம்பு நட்டு மாட்டியிருந்தார்கள். விடுப்பில் இருக்க வேண்டிய நான் எட்டு மணிக்கே வந்து, பசைப் புட்டியைத் திறந்தேன். தாளைப் பயன்படுத்தினால் சீட்டு ஒட்ட வேண்டும் என்பதுதானே முறை? ஒட்டினேன். முதல்வரின் படத்துக்குக் கீழே, ஒவ்வொரு பேனரிலும் ஒன்று.

'இந்த ஆய்வு பதினான்காம் அறையின் தாள்களிலிருந்து செய்யப்பட்டது. தாள் எண்கள் கீழே. அந்த அறையைப் பழைய பேப்பருக்குப் போட முதல்வர் உத்தரவிட்டுள்ளார். பார்த்துச் சரி என்று உறுதி செய்தவர்: நாகவேணி, காப்பாளர்.'

குழுவில் மூன்று பேர். தலைவி மைசூர்ப் பக்கத்து அம்மாள். கணக்குப் பேராசிரியை என்று பிறகு தெரிந்தது. செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு எல்லாவற்றையும் படிக்கிற ரகம். முதல் சீட்டைப் படித்தார். இரண்டாவது பேனருக்குப் போய் அதையும் படித்தார். ஷானபாக் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பதினாலாம் ரூம் எங்க இருக்கு?"

"அது… ரிப்பேர்ல இருக்கு மேடம். சாவி கிடைக்கல."

"கிடைச்சிடுச்சு சார்" என்று நான் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தேன்.

கதவைத் திறந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு தாள்களும் மேஜையிலும் தரையிலும் வரிசையாக இருந்தன. ருக்மிணி யாரும் கேட்காமலேயே தன் இலைகளைக் காட்டிப் பேச ஆரம்பித்துவிட்டாள். லாரன்ஸ் டாக்டர் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தார், வரவில்லை. சுகந்தி நாயக் கதவோரமே நின்றார், உள்ளே வரவில்லை. திரியம்பக ஹெக்டே வந்தார். அந்தப் பதினாலு இதழ்களில் ஒன்றைக் கையில் எடுத்து, "இதை நான் இங்கதான் எடுத்தேன் மேடம். இந்த ரூம் இல்லைன்னா என்கிட்ட எதுவும் இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த மனுஷருக்கு அது மலையைத் தூக்கியதற்குச் சமம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குழு அங்கே முக்கால் மணி நேரம் இருந்தது. அந்த அம்மாள் நிறைய எழுதிக்கொண்டார். நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேநீர்கூடக் குடிக்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை என் கையில் உத்தரவு வந்தது. கட்டாய விடுப்பை மீறியது, பேனரைக் கெடுத்தது, மேலதிகாரியை அவமதித்தது. இடைநீக்கம். அறையின் பொறுப்பைத் துறைத் தலைவியிடம் உடனே ஒப்படைக்க வேண்டும்.

முதல்வர் அறையில் ஷானபாக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். சுகந்தி நாயக் பக்கத்தில். அலுவலகக் கண்காணிப்பாளர் காமத் கோப்போடு நின்றார்.

"இதுக்குத்தான் அடங்கி இருன்னு சொன்னேன்" என்றார் ஷானபாக். "கையெழுத்துப் போட்டுட்டு சாவியைக் குடு. திங்கட்கிழமை வேற டெம்போ வரும்."

நான் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் இரண்டு கறவை மாடும், பாக்குக்கு மருந்தடிக்க வாங்கிய கடனும், நான் கொண்டுபோகும் சம்பளமும்தான் இருந்தன. ஆனால் முந்தின நாள் ராத்திரி கல்லூரி விதிப்புத்தகத்தை நான் சும்மா புரட்டவில்லை.

"குடுக்கறேன் சார். எண்ணி வாங்கிக்கோங்க."

"எதை எண்ணணும்?"

"தாளை. பொறுப்பு ஒப்படைக்கும்போது பொருளை ஒவ்வொண்ணா எண்ணி, நம்பர், பேர், எந்த நிலையில இருக்குன்னு எழுதி, குடுக்கறவரும் வாங்கறவரும் கையெழுத்துப் போடணும். எண்ணி முடிக்கிற வரைக்கும் ஒரு குண்டூசிகூட வெளிய போகக் கூடாது. காமத் சார்கிட்ட கேளுங்க."

காமத் தொண்டையைச் செருமினார். "ஆமா சார். தணிக்கையில மாட்டினா வாங்கினவங்க ஓய்வூதியத்துலதான் பிடிப்பாங்க."

"கட்டுக் கட்டா எண்ணிக்கலாமே!" என்றார் ஷானபாக்.

"நான் கட்டுக் கட்டா கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றது சுகந்தி நாயக்கின் குரல். ஓய்வூதியம் என்ற சொல் அவருக்கு நன்றாகவே கேட்டிருந்தது. "முப்பத்தோராயிரம். ஒண்ணு குறைஞ்சாலும் என் தலையில விடியும்."

"ஒரு நாளைக்கு அறுபது எண்ணலாம்" என்றேன் நான். "வேலை நாளா பார்த்தா ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும். நீங்க வர்ற மே மாசம் ரிட்டயர் ஆகிறீங்கல்ல சார்?"

அவர் முகத்தை என்னால் வர்ணிக்க முடியாது. காமத் கோப்பைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

இப்படித்தான், இடைநீக்கம் ஆனவள் தினமும் காலை பத்து மணிக்கு வேலைக்கு வருகிறேன். பாதிச் சம்பளம். விசாரணை எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. எதிரே சுகந்தி நாயக் உட்கார்ந்திருப்பார். முதல் ஐந்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் நம்பரைப் படிப்பேன், அவர் தாளைப் பார்ப்பார், எழுதுவார், கையெழுத்துப் போடுவார், "அடுத்தது" என்பார்.

ஆறாவது நாள் முதல் பீரோவின் மூன்றாம் தட்டு. 1958-இல் உஞ்சள்ளி அருவிப் பக்கம் பறித்த கிளை. நாவல் மரம் என்று எழுதியிருந்தது. அவர் "அடுத்தது" சொல்லவில்லை. தாளை ஜன்னல் பக்கம் நகர்த்தினார். பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்தார். உறையைப் பிரித்து, உள்ளே கிடந்த மொட்டு ஒன்றைக் கைக்குட்டைமேல் உருட்டினார். நெடுநேரம் பார்த்தார்.

"நாகவேணி, இது நாவல் இல்ல."

"பின்ன என்ன மேடம்?"

"தெரியல. இது மாதிரி நான் பாத்ததே இல்ல."

என் நாக்கு சும்மா இருக்குமா? "உங்க பத்தொம்பதுல இது இருக்குதா மேடம்?"

உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்: "வாயை மூடிட்டுப் போய் வெந்நீர் வை."

வைத்தேன். அன்று பதினொரு தாள்கள்தான் எண்ணினோம்.